ஒன்றரை வேலிக்கு ஒரு சோலார் மோட்டார்: டெல்டாவில் கூட்டாகப் போடுவது எப்படி

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது காவிரி டெல்டாவின் வழக்கம். அந்த வழக்கம் பிசகாத வருஷத்தில்கூட பிப்ரவரியிலிருந்து ஜூன் பாதி வரை வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். தாளடி அறுப்புக்கு முன் தெளித்த உளுந்துக்குப் பூக்கும் பருவத்தில் ஒரு தண்ணீர், கோடைப் பருத்தி, எள், அணை திறப்பதற்கு முன்பே விடவேண்டிய குறுவை நாற்றங்கால் எல்லாம் நிலத்தடி நீரை நம்பித்தான். இலவச மின் இணைப்பு உள்ளவர் சுவிட்சைப் போடுகிறார். இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவரும், சாகுபடிக் குத்தகைதாரரும் டீசல் எஞ்சினை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். 5 ஹெச்.பி. எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. மூன்று மா, ஐந்து மா வைத்திருப்பவர் தனியாக ஒரு 5 ஹெச்.பி. சோலார் மோட்டார் போட்டால் வாரத்தில் ஒரு நாள்தான் அதற்கு வேலை. மற்ற ஆறு நாள் வெயில் வீண். அக்கம்பக்கத்தில் ஏழு குடும்பம், மொத்தம் பத்து ஏக்கர், அதாவது முப்பது மா, சுமார் ஒன்றரை வேலி என்று சேர்ந்தால் கணக்கு ஒழுங்காக வரும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்த முப்பது மாவை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதலில் தண்ணீர், பிறகுதான் பேனல்

கம்பெனிக்காரர் வந்ததும் பேனல் வாட்டைப் பற்றித்தான் பேசுவார். நீங்கள் ஃபில்டர் பாயிண்ட்டில், அதாவது மணலடுக்கில் வடிகட்டிக் குழாய் இறக்கிய ஆழமில்லாத போரில், தொடங்குங்கள். சோதனையை மே மாதம் செய்யவேண்டும். மழைக்காலத்தில் சோதித்தால் எந்த போரும் நல்ல போராகத்தான் தெரியும்.

வாடகைக்கு ஒரு டீசல் எஞ்சின் எடுத்து, விடாமல் ஆறு மணி நேரம் ஓட்டுங்கள். 200 லிட்டர் பேரலை வாயில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மணிக்கொரு தடவை குறியுங்கள். 16 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 12.5 லிட்டர், அது போதும். முதல் மணியில் 16 விநாடி, ஆறாம் மணியில் 25 விநாடி என்று இழுத்தால் அந்த போர் 5 ஹெச்.பி.யைத் தாங்காது, 3 ஹெச்.பி.க்கு இறங்குங்கள், அல்லது பத்து பதினைந்து மீட்டர் தள்ளி இன்னொரு ஃபில்டர் பாயிண்ட் இறக்கி இரண்டையும் ஒரே உறிஞ்சு குழாயில் சேருங்கள்.

ஓடும்போது தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் மோட்டார் வகையை முடிவுசெய்யும். மோட்டார் தரையில் இருக்க, இறங்கிய நீர்மட்டம் 7 மீட்டருக்குள் இருந்தால் மோனோபிளாக் போதும். அதற்குக் கீழே போனால் மோனோபிளாக் உறிஞ்சாது, எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும். அப்போது தண்ணீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள்தான். இந்த அளவு தண்ணீர் தரும் சப்மெர்சிபிளுக்கு 6 அங்குலத்துக்குக் குறையாத குழாய் வேண்டும் என்பதால், பழைய ஃபில்டர் பாயிண்ட் உதவாது. புது போர் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது உப்பு. வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் பக்கம் கடைமடையில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. சோதனை ஓட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் ஒரு பாட்டில், ஆறாம் மணியில் ஒரு பாட்டில் பிடித்து இரண்டையும் மண், நீர் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வேளாண் துறையின் ஆய்வுக்கூடங்களும் உண்டு. உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் (dS/m அளவில்) 0.75-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.75 முதல் 2.25 வரை என்றால் வடிகால் நன்றாக உள்ள வயலில், பயிரைப் பார்த்துப் பாய்ச்சலாம். உளுந்தும் பயறும் உப்பைத் தாங்காதவை. 2.25-க்கு மேல் என்றால் அந்த இடத்தில் சோலார் மோட்டார் போடாதீர்கள். முதல் பாட்டில் நல்ல அளவு, இரண்டாவது பாட்டில் கூடிய அளவு என்று வந்தால் அடியில் உள்ள உப்பு நீரை மோட்டார் மேலே இழுக்கிறது என்று பொருள். தினமும் ஓடும் சோலார் மோட்டார் அந்த நிலத்தை இரண்டு மூன்று கோடையில் கெடுத்துவிடும். டீசல் விலையாவது ஒரு தடுப்பாக இருந்தது. வெயிலுக்கு அந்தத் தடுப்பு இல்லை.

எவ்வளவு தண்ணீர் வரும்?

5 ஹெச்.பி. மோட்டாருக்கு 4,800 வாட் பேனல் என்பது அரசு விதி. 10 மீட்டர் மொத்த உயரத்துக்கு (தண்ணீர் ஏறும் உயரமும் குழாய் உராய்வில் போகும் உயரமும் சேர்ந்தது), ஏ.சி. மோட்டாராக இருந்தால், ஒரு வாட்டுக்கு நாளொன்றுக்கு 90 லிட்டர் தரவேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பெருக்கினால் 4.32 லட்சம் லிட்டர். விளம்பரத் தாளில் இந்த எண்தான் இருக்கும். ஆனால் அது சதுர மீட்டருக்கு 7.15 யூனிட் வெயில் விழும் நாளுக்கான கணக்கு. டெல்டாவில் வருஷச் சராசரி ஏறத்தாழ 5 யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் அதைவிடக் குறையும். ஆகவே நல்ல வெயில் நாளுக்கு 3 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஒரு மாவில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட சுமார் 68,000 லிட்டர் வேண்டும். ஒரு நாள் தண்ணீர் நாலரை மாவுக்குப் போதும். முப்பது மாவையும் ஒரு சுற்று சுற்றிவர ஏழு நாள். உளுந்து, எள், பருத்திக்கு இது தாராளம். குறுவை நாற்றங்காலுக்கும் போதும். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்றால் பத்து ஏக்கருக்கும் 80 சென்ட்தான். ஆனால் வாய்க்கால் தண்ணீர் வராமல், பத்து ஏக்கரையும் இந்த மோட்டாரை வைத்தே சேறடித்து நடலாம் என்று நினைக்காதீர்கள். சேறடிக்க மட்டும் ஏக்கருக்கு 6 முதல் 8 லட்சம் லிட்டர் போகும். பத்து ஏக்கருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதலில் நட்டவர் வயல் வெடித்திருக்கும். அணை தாமதமானால் மூன்று ஏக்கர், நாலு ஏக்கர் குறுவையோடு நிறுத்திக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பைப். விநாடிக்கு 13 லிட்டர் தண்ணீரை உள்விட்டம் 75 மி.மீ. உள்ள குழாயில் 100 மீட்டர் தள்ளினால் உராய்விலேயே ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் போய்விடும். உங்கள் மொத்த உயரம் 10 மீட்டர் என்று போட்ட கணக்கு 20 மீட்டர் ஆகும், தண்ணீர் பாதியாகும். அதே தண்ணீர் 110 மி.மீ. பைப்பில் போனால் இழப்பு 2 மீட்டர்தான். பைப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பேனலுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு. கம்பெனி திட்ட விலையில் கொடுக்கும் பைப் மோட்டார் வாய் வரைக்குத்தான் இருக்கும். வயலுக்குப் போகும் பைப் உங்கள் செலவு. தூரத்து வயலுக்கு 110 மி.மீ. பைப்பை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்து, ஒவ்வொரு பங்காளி வயல் முனையிலும் ஒரு வால்வு வைப்பதே நல்லது. மண் வாய்க்காலில் விட்டால் கோடை வெடிப்பில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடும்.

ஏ.சி. மோட்டாரா, டி.சி. மோட்டாரா என்ற கேள்வியில் எங்கள் பரிந்துரை ஏ.சி.தான். டி.சி. மோட்டார் அதே பேனலில் பத்து சதவீதம் அதிகத் தண்ணீர் தரும், உண்மை. ஆனால் ஏ.சி. மோட்டார் காயில் எரிந்தால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எந்த வைண்டிங் கடையிலும் இரண்டு நாளில் சுற்றிக் கொடுப்பார்கள். டி.சி.க்குக் கம்பெனி ஆள் வரும்வரை உளுந்து காத்திராது.

ஆட்களைச் சேர்ப்பதும் காகிதமும்

மத்திய அரசின் பிரதமர் குசும் திட்டம் 2019-ல் வந்தது. தமிழ்நாட்டில் தனி சோலார் பம்புசெட்டை வேளாண்மைப் பொறியியல் துறை நடத்துகிறது. பொதுவாக 60 சதவீதம் மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினரான சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் உண்டு. விண்ணப்பம் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, நில வரைபடம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். உங்கள் பகுதி நிலத்தடி நீர் வகைப்பாட்டில் அதிகமாக உறிஞ்சப்பட்ட பகுதியா என்பதையும் அங்கேயே முதலில் கேளுங்கள். புது போர் போடுவதில் கட்டுப்பாடு வரும். இலவச இணைப்புக்கு ஏற்கெனவே மனுக் கொடுத்துள்ளவர் யாராவது குழுவில் இருந்தால், சோலார் வாங்கினால் அந்த மூப்பு என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.

மானியம் ஒருவர் பெயரில் வரும். மோட்டார் ஏழு பேருக்குச் சொந்தம். சச்சரவு எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைக்கும். உழவர் உற்பத்தியாளர் குழு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் போன்ற பதிவான அமைப்பு இருந்தால் அதன் பெயரில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பெயரில் வாங்கி, ஏழு பேரும் முத்திரைத்தாளில் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். அதில் இவை கட்டாயம் இருக்கவேண்டும்: யார் எவ்வளவு பணம் போட்டார், யாருக்கு எத்தனை மா பாசன உரிமை, பேனல் நிற்கும் ஐந்து சென்ட் நிலத்துக்கும் அதற்குப் போகும் வரப்புப் பாதைக்கும் எல்லாருக்கும் உள்ள உரிமை, நிலத்தை விற்றால் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் வாசகம், ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படிக் கணக்கிட்டுக் கொடுப்பது. நில உரிமையாளருடைய பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். அடுத்த தலைமுறையில்தான் இந்தக் காகிதம் வெளியே வரும்.

குத்தகைதாரர்களை விட்டுவிட்டு டெல்டாவில் எந்தக் கூட்டுத் திட்டமும் நிற்காது. கோயில் நிலம், மடத்து நிலம் சாகுபடி செய்பவர் பட்டா காட்டமுடியாது. அவர்கள் வயலில் பேனலை நிறுத்தவேண்டாம். பட்டாதாரர் நிலத்தில் நிறுத்தி, குத்தகைதாரருக்குத் தண்ணீர் பங்கு மட்டும் கொடுங்கள். பணமும் அதற்கேற்பக் குறைவாக, முன்பணத்துக்குப் பதிலாக யூனிட் கட்டணமாக வாங்கலாம். பங்கு ‘நிலத்துக்கு’ என்று எழுதாமல் ‘சாகுபடி செய்பவருக்கு’ என்று எழுதுங்கள். குத்தகை கைமாறினாலும் பணம் போட்டவர் ஏமாறமாட்டார்.

அஸ்திவாரம்: டெல்டா மண்ணில் புயலுக்குத் தாங்க

2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று அடித்தது. அதை மனதில் வைத்தே கால் ஊன்றவேண்டும். பேனல் தாங்கி மணிக்கு 150 கி.மீ. காற்றுக்கு நிற்கவேண்டும் என்பது விதி. 540 வாட் பேனல் ஒன்பது போட்டால் பரப்பு 23 சதுர மீட்டர். 150 கி.மீ. காற்று அடியில் புகுந்து தூக்கும்போது விசை 2.5 முதல் 3 டன் வரை வரும். அதைப் பிடித்து வைப்பது கான்கிரீட்டின் எடையும் அதன்மேல் உள்ள மண்ணின் எடையும்தான்.

டெல்டாவின் சிக்கல் என்னவென்றால், புயல் வரும் மாதத்தில்தான் வயல் மண் முழுக்க நனைந்து ஊறியிருக்கும். நீரில் முங்கிய கான்கிரீட் கன மீட்டருக்கு ஒரு டன் எடை குறைந்துவிடும், 2.4 டன் கான்கிரீட் 1.4 டன் ஆகும். வறண்ட மாவட்டத்துக்குப் போட்ட படத்தையே இங்கும் போட்டால், நேராக இறங்கும் தூண் பிடுங்கிக்கொள்ளும். குழி அடியில் அகலமாக இருக்கவேண்டும்:

- ஆறு கால். ஒவ்வொரு குழியும் 1.2 மீட்டர் ஆழம்.
- அடியில் 75 செ.மீ. சதுரம், 25 செ.மீ. கனத்தில் கம்பி கட்டிய தளம்.
- அதன்மேல் 30 செ.மீ. சதுரத் தூண், தரைக்கு மேல் 30 செ.மீ. நிற்கும்படி.
- கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. குழியில் ஊற்று இருந்தால் இறைத்துவிட்டுப் போடுங்கள். தண்ணீருக்குள் கலவையைக் கொட்டக்கூடாது.
- ஏழு நாள் நீராற்றிய பிறகே தாங்கியை ஏற்றவேண்டும். மண்ணை அரை அடி அரை அடியாக இட்டுக் கெட்டியாக இடிக்கவேண்டும். அந்த மண்ணின் எடையும் கணக்கில் சேர்ந்தது.

கம்பெனி ஆட்கள் ஒரே நாளில் குழி, கலவை, தாங்கி எல்லாம் முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். குழி தோண்டும் நாளில் குழுவில் ஒருவர் டேப்போடு நிற்கவேண்டும். மூடிய பிறகு ஆழத்தைப் பார்க்க வழியில்லை.

தாங்கி இரும்பு சூடான துத்தநாகத்தில் தோய்த்தெடுத்ததாக, பூச்சு 80 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வெல்டிங்கை வயலில் வைத்துச் செய்தால் பூச்சு எரிந்து, கடற்காற்றில் அந்த இடத்திலிருந்துதான் துரு தொடங்கும். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேனல் தெற்குப் பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு. கீழ் ஓரம் வெள்ள மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே. வெள்ள மட்டம் தெரியவேண்டுமானால் பக்கத்து மதகுச் சுவரிலும் பழைய மோட்டார் கொட்டகையிலும் உள்ள கறையைப் பாருங்கள். ஊரில் பெரியவர்களையும் கேளுங்கள். பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டி அதைவிட உயரத்தில், பேனல் நிழலில் இருக்கட்டும்.

தென்னை பக்கத்தில் வேண்டாம். 15 மீட்டர் மரம் காலை எட்டரை மணிக்கு 25 மீட்டர் வரை நிழல் வீசும். கிழக்கிலும் மேற்கிலும் அவ்வளவு இடம் விடுங்கள். தெற்கில் 15 மீட்டர் போதும், மரம் விழுந்தாலும் பேனல்மேல் விழாது. ஒன்பது பேனலும் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரே ஒரு பேனலில் ஒரு மட்டை நிழல் விழுந்தாலும் மொத்த ஓட்டமும் குறையும்.

ஒயர், எர்த், எலி

ஒன்பது பேனல் வரிசையில் 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். டி.சி. பிடித்தால் விடாது. வெயில் இருக்கும்வரை ஐசொலேட்டரை (பேனலைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்தாலும் பேனல் பக்க ஒயரில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். இணைப்பானை ஓட்டத்தில் இருக்கும்போது பிடுங்கினால் தீப்பொறி விடாமல் எரியும். முதலில் கன்ட்ரோலர், பிறகு ஐசொலேட்டர், அதன்பிறகுதான் இணைப்பான். இணைப்பானின் ஆண் முனையும் பெண் முனையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். கலந்து மாட்டினால் தளர்வாக நின்று, ஒரு கோடையிலேயே உருகிவிடும்.

எர்த் மூன்று தனித்தனியாக: தாங்கிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று, கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் ஒன்று. 5 ஓமுக்குக் கீழே அளந்து காட்டச் சொல்லுங்கள். ஈரக் களிமண்ணில் இது எளிது. மே மாதம் மண் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். அப்போது மாதம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வயல் எலி ஒயரைக் கடிப்பது டெல்டாவில் சோலார் மோட்டார் நின்றுபோவதற்கு ஒரு முக்கியக் காரணம். அறுப்பு முடிந்ததும் எலி வரப்பை விட்டு பேனல் நிற்கும் மேட்டுக்குத்தான் வரும். ஒயரைக் கெட்டியான குழாயில் 60 செ.மீ. ஆழத்தில் புதைத்து, குழாயின் இரு வாயையும் இரும்பு வலை வைத்து அடையுங்கள். வெறும் பஞ்சு வைத்தால் அதிலேயே கூடு கட்டும். அறுப்பு வாரத்தில் மேட்டைச் சுற்றி நாலைந்து தஞ்சாவூர் கிட்டி (எலிப் பொறி) வைப்பதும் நல்ல பழக்கம்.

முறை வைப்பது: மணிக்கணக்கு வேண்டாம், யூனிட் கணக்கு

மணிக்கணக்கில் முறை வைத்தால் சண்டை நிச்சயம். காலை ஏழரை முதல் பத்து வரை பெறுபவருக்கு வரும் தண்ணீரும், பத்து முதல் இரண்டு வரை பெறுபவருக்கு வரும் தண்ணீரும் ஒன்றல்ல. நாள் முழுக்க வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த நடுப்பகல் நாலு மணியில்தான். மேகம் மூடினால் அன்றைய முறைக்காரருக்கு ஒன்றுமே இல்லை.

கன்ட்ரோலர் திரையில் ஓடிய யூனிட் காட்டும். அதை வைத்துப் பங்கிடுங்கள். நல்ல நாளில் 24 யூனிட், 3 லட்சம் லிட்டர். இரண்டு அங்குலம் கட்ட ஒரு மாவுக்கு ஐந்தரை யூனிட். நாலு மா உள்ளவருக்கு ஒரு சுற்றுக்கு 22 யூனிட். அது ஒரே நாளில் முடிந்தாலும் சரி, மேகத்தால் இரண்டு நாள் ஆனாலும் சரி, 22 யூனிட் ஓடியதும் அடுத்தவர் வால்வு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் திரையில் உள்ள எண்ணை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. தூரத்து வயலுக்கு உராய்வு இழப்பு உண்டு என்பதால், பேரல் சோதனையை அந்தந்த வால்வில் ஒருமுறை செய்து, குறையும் அளவுக்குக் கூடுதல் யூனிட் சேர்த்துக்கொடுங்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் கடைசி வயல்காரருக்கு மனக்குறை வராது.

யூனிட்டுக்கு 5 ரூபாய் கட்டணம் வையுங்கள். ஏக்கருக்கு ஒரு தண்ணீர் சுமார் 82 ரூபாயில் முடியும். அதே தண்ணீருக்கு டீசல் நாலரை லிட்டர், 400 ரூபாய்க்கு மேல். வருஷம் 120 நாள், நாளுக்கு 20 யூனிட் என்று ஓடினால் 12,000 ரூபாய் சேரும். முதல் ஐந்து வருஷம் பராமரிப்பு கம்பெனி பொறுப்பு என்பதால் இந்தப் பணத்தைத் தொடாமல் கூட்டு வங்கிக் கணக்கில் வைத்தால், ஆறாம் வருஷம் கன்ட்ரோலர் போனாலும் யாரிடமும் கையேந்த வேண்டாம்.

நின்றுபோனால் எங்கே பார்ப்பது

காலையில் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை, பத்து மணிக்கு மேல்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் உறிஞ்சு குழாயில் காற்று. வெயில் குறைவாக இருக்கும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றும். டீசல் எஞ்சினுக்கு ஒரு பொருட்டாக இல்லாத சிறு ஓட்டை இதற்கு எமன். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையும் புதுப் பசையும் போட்டுப் பாருங்கள். ஒருவழி வால்வின் தோலையும் பாருங்கள். வறண்டு ஓடினால் மெக்கானிக்கல் சீல் கருகும். கன்ட்ரோலரில் வறண்ட ஓட்டத் தடுப்பு இயங்குகிறதா என்று நிறுவிய நாளிலேயே கேட் வால்வை மூடி சோதித்துக்கொள்ளுங்கள்.

நல்ல வெயிலில் நாளுக்கு 24 யூனிட் காட்டியது 17, 18 ஆகிவிட்டது என்றால் முதலில் தூசு. தாளடி அறுவடை இயந்திரம் ஓடும் வாரத்தில் சுணை படிந்து பேனல் மங்கிவிடும். பிப்ரவரி முதல் மே வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், மெல்லிய துணியால் கழுவுங்கள். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் காய்ந்தால் மஞ்சள் படலம் விடும். குளத்து நீரோ குடிநீரோ நல்லது. கழுவியும் ஏறாவிட்டால் புதிதாக நிழல் விழுகிறதா பாருங்கள். மூன்று வருஷத்தில் தென்னங்கன்று நன்றாகவே உயர்ந்துவிடும்.

யூனிட் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையேல் நீர்மட்டம் இறங்கியிருக்கும்.

வாய்க்கால் ஓடும் மாதங்களில்

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நல்ல வருஷத்தில் மோட்டாருக்கு வேலை குறைவு. அந்த வெயிலைச் சும்மா விடுவது டெல்டாவின் பெரிய இழப்பு. பல வேலைக்கும் மாற்றிக்கொள்ளும் வகைக் கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவு மில், உளுந்து உடைக்கும் இயந்திரம் ஓட்டலாம். மாடு வைத்திருக்கும் நாலு வீட்டுக்குத் தீவனம் நறுக்கும் இயந்திரம்தான் முதலில் பயன்படும். ஆர்டர் கொடுக்கும்போதே இந்த வகையைக் கேளுங்கள். பிறகு மாற்றினால் உத்தரவாதம் போகும்.

புயல் எச்சரிக்கை வந்தால்

இரண்டு நாள் முன்பு எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து முடுக்குங்கள். கிளாம்ப் தளர்ந்த ஒரு பேனல் பறந்தால் பக்கத்துப் பேனல்களையும் உடைத்துக்கொண்டுதான் போகும். சாய்வு மாற்றும் தாங்கியாக இருந்தால் பேனலைப் படுக்கையாக வைத்துப் பூட்டுங்கள். அருகில் உள்ள தென்னையில் காய்ந்த மட்டையையும் குலையையும் இறக்குங்கள். இரவில், பேனலில் வோல்ட் இல்லாத நேரத்தில், கன்ட்ரோலரைக் கழற்றி மெத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒயர் முனைகளைத் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி உயரே கட்டுங்கள். பேனல் எண், கன்ட்ரோலர் எண், நிற்கும் நிலை எல்லாவற்றையும் தேதி தெரிகிறபடி போட்டோ எடுத்துவையுங்கள். காப்பீடு கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

வெள்ளம் வடிந்ததும் பகலில் யாரும் நேராகப் போய் ஒயரைத் தொடக்கூடாது. விழுந்து கிடக்கும் உடைந்த பேனலும் வெயிலில் மின்சாரம் தரும். தார்ப்பாயால் மூடிவிட்டு, ரப்பர் கையுறையோடுதான் அணுகவேண்டும். முங்கிய மோனோபிளாக்கைத் திறந்து நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ஈரத்தைப் போக்குங்கள். வைண்டிங் கடையில் மெகர் (காப்புத்தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் இணைக்கலாம். கடலோரத்தில் வெள்ளம் ஃபில்டர் பாயிண்ட் வாய்க்குள் புகுந்திருந்தால், டீசல் எஞ்சின் வைத்து ஒரு நாள் முழுக்க வடிகாலில் இறைத்துவிட்டு, மின்கடத்துத்திறனை மறுபடி அளந்த பிறகே வயலுக்குத் திருப்புங்கள். இந்த ஒரு வேலைக்காகவாவது குழுவில் ஒருவரிடம் பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கட்டும்.